கோத்தகிரி சிக்னலும் ஹேண்ட்பிரேக்கும் – வருஷக்கணக்கா யூஸ் பண்ணினதுல தெரிஞ்சது

சிறு தேயிலை விவசாயிகளுக்கு கவாத்து, கொப்புள நோய் பத்தியெல்லாம் வீடியோ எடுத்து எங்க சங்கத்து வெப்சைட்ல போடுறேன். பாக்குறவங்க தோட்டத்துல நின்னு போன்ல பாப்பாங்க, கோடநாடு பக்கம் போனா சிக்னல் ஒரு கோடுதான், அதனால ஃபைல் சின்னதா இருந்தே ஆகணும்.

அதுக்குத்தான் ஹேண்ட்பிரேக், வீடியோவைச் சுருக்கி சைஸ் குறைக்கிற சாஃப்ட்வேர். 2016 டிசம்பர்ல அதோட 1.0 வெர்ஷன் வந்ததுக்கு அப்புறம்தான் நான் அது பக்கம் வந்தேன், காசு கிடையாது, விண்டோஸ் லினக்ஸ் ரெண்டுலயும் ஓடுது. 4கே எல்லாம் வேணாம், 720பி, 30 எஃப்பிஎஸ், எக்ஸ்264 (ஹெச்.264 முறையில வீடியோவைச் சுருக்குற என்கோடர்), ஆர்எஃப்ங்கிற குவாலிட்டி நம்பர் 24, ஆடியோ மோனோ, பேச்சுக்கு அது தாராளம். ஆர்எஃப் நம்பர் ஏற ஏற குவாலிட்டி குறையும், 6 ஏறினா சைஸ் கிட்டத்தட்ட பாதி ஆயிடும்.

ஆனா நம்ம மலைக்குன்னு ஒரு தலைவலி இருக்கு. மிஸ்ட் இறங்கினா ஃபைல் சின்னதா வரும்னு நினைப்போம், வெறும் வெள்ளைதானேன்னு, ஆனா வெளிச்சம் கம்மியானதும் போன் கேமரா ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்தை உணர்ற அளவை, ஏத்திடுது, படம் முழுக்க புள்ளிபுள்ளியா நாய்ஸ், என்கோடருக்கு அது நாய்ஸா இலையான்னு தெரியாது, எல்லாத்தையும் பத்திரமா காப்பாத்தப் பாத்து சைஸ் எகிறும். புள்ளிகளை நீக்குற டீநாய்ஸ் ஃபில்டர்ல என்எல்மீன்ஸ்ங்கிறதை லைட்ல போட்டா நல்லா குறையுது, என்ன, லேப்டாப் முக்கும், ராத்திரி க்யூல போட்டுட்டு தூங்கிடுங்க. காத்துல ஆடுற தேயிலைச் செடிக்கு மட்டும் மருந்தே இல்ல, ட்ரைபாட் வச்சு க்ளோசப்ல எடுங்க.

எக்ஸ்264க்குப் பதிலா ஹெச்.265ங்கிற புது சுருக்குற முறையைப் போட்டா சைஸ் இன்னும் குறையும்தான், ஆனா பழைய போன்லயும் சில பிரவுசர்லயும் படமே வராது, நம்ம ஆளுங்க கையில பழைய போன்தான் ஜாஸ்தி. ஏவி1ங்கிற இன்னொரு முறை அதைவிட நல்லா கம்ப்ரெஸ் பண்ணும், என் லேப்டாப்புக்கு அது பொறுமையைச் சோதிக்கிற வேலை.

எல்லாத்தவிட உபயோகம் 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக்தான். எம்பி4ல எந்த ஃபிரேம் எங்க இருக்குங்கிற விவரம் 'மூவ்'ங்கிற பகுதியில இருக்கும், போன்ல எடுத்த ஃபைல்ல அது பெரும்பாலும் கடைசியில கிடக்கும். பிளேயர் கடைசிக்குப் போய் அதை எடுத்தாதான் படம் ஓடும், சர்வர் ஒத்துழைக்கலன்னா மொத்த ஃபைலும் இறங்கணும். டிக் பண்ணினா அது முன்னாடி வந்துடும், சைஸ் மாறாது, ஆனா சட்டுனு ஓட ஆரம்பிச்சிடும்.

குறைன்னா, ஒரே வீடியோவை நாலு குவாலிட்டியில துண்டுபோட்டு சிக்னலுக்கு ஏத்தமாதிரி குடுக்குற ஹெச்எல்எஸ் இதுல வராது, அதுக்கு எஃப்எஃப்எம்பெக்ங்கிற வேற சாஃப்ட்வேர்ல கமாண்டுதான் அடிக்கணும். மொபைல் ஆப்பும் கிடையாது, ஸ்டோர்ல அந்தப் பேர்ல எது இருந்தாலும் இவங்களோடது இல்ல, ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர்ல மட்டும் எடுங்க.