உடன்படிக்கை ஆராதனை: ஒரு நிமிட ஜெபமும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்

வருடத்தின் முதல் ஞாயிறு வந்தால் மெதடிஸ்த சபைகள் பலவற்றிலும், அந்த மரபைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட தென்னிந்தியத் திருச்சபை போன்ற ஐக்கிய சபைகளிலும் உடன்படிக்கை ஆராதனை நடக்கிறது. தன்னைத் தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது என்ற ஒரே காரியத்துக்காக அமைந்த முறைமை இது. துதி, ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, உடன்படிக்கை, திருவிருந்து என்று ஐந்து படிகள். இவ்வளவு நேர்த்தியாகக் கோர்த்த முறைமைகள் திருச்சபையில் அதிகம் இல்லை. ஆனால் நடத்துகிற விதத்தில் அதன் பலன் பெரும்பாலும் கைநழுவிப் போகிறது. சபைகள் இதை விடாமல் நடத்த வேண்டும் என்பதே இந்த மதிப்பீட்டின் முடிவு, சில நிபந்தனைகளோடு.

முதலில் அது எப்படித் தொடங்கியது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குறை அங்கேயே தெரிந்துவிடும். 1755 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்த உடன்படிக்கையைச் சபையோடு செய்தார். ரிச்சர்ட் அலீன் என்ற பியூரிட்டன் (இங்கிலாந்து திருச்சபையை மேலும் சீர்திருத்த முயன்ற பிரிவு) போதகரின் வார்த்தைகளை வாசித்தார். சம்மதத்துக்கு அடையாளமாக ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்றார்கள் என்று தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரசங்கங்களில் நாம் கேட்பது இந்த 1,800 என்ற எண்ணைத்தான். அதற்கு மேலே உள்ள வரிகளைத்தான் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 6, புதனன்றே விஷயத்தைச் சபைக்குச் சொல்லிவிட்டார். அடுத்து வந்த காலைகளில் அதை விளக்கினார். வெள்ளியன்று பலர் உபவாசமிருந்தார்கள். திங்களன்று இன்னொரு முறை விளக்கம். அதற்குப் பிறகுதான் மாலைக் கூட்டம். 1780-இல் அவர் இதைச் சிறு நூலாக வெளியிட்டபோதும் முதல் அறிவுரை இதுதான்: தனிமையில், ஒரு தடவைக்கு மேல், தேவனுக்கு முன்பாக நேரம் செலவிட்டு, என்னென்ன நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கிறோம் என்று தெளிவாக யோசித்துவிட்டு வா.

இன்று அந்த ஐந்து நாட்கள் போய்விட்டன. ஜெபம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிதானமாக வாசித்தாலும் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஞாயிறு காலை இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் பலர் அந்த வார்த்தைகளை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். வாங்கும் வீட்டின் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். இங்கே எழுதிக்கொடுப்பது வாழ்க்கை முழுவதையும்.

ஜெபத்தின் உள்ளே போவோம். பல சபைகளில் வழங்கும் வடிவம் 1936-இல் பிரிட்டிஷ் மெதடிஸ்த சபை சீர்செய்தது. ‘நான் இனி என்னுடையவனல்ல, உம்முடையவன்’ என்று தொடங்குகிறது. பிறகு எல்லாமே ஜோடி ஜோடியாக வருகிறது: வேலை செய்ய வையும், பாடுபட வையும், உமக்காகப் பயன்படுத்தும், உமக்காக ஒதுக்கி வையும், உயர்த்தும், தாழ்த்தும், நிறைவாக்கும், வெறுமையாக்கும், எல்லாம் இருக்கட்டும், ஒன்றும் இல்லாதிருக்கட்டும். சபை இதைச் சேர்ந்து வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் பாதிக்குக் குரல் ஏறும், இரண்டாம் பாதிக்கு இறங்கும். ‘ஒன்றும் இல்லாதிருக்கட்டும்’ என்ற இடத்தில் முணுமுணுப்புதான் கேட்கும். அது குற்றமல்ல, ஜெபம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் நிற்க நேரம் கொடுக்க வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு. திரையில் போடுகிறவர் ஜோடியின் ஒரு பாதியை ஒரு பக்கத்திலும் மறு பாதியை அடுத்த பக்கத்திலும் வெட்டிப் போடுகிறார். எல்லாரும் அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கிறார்கள், கவனம் சிதறுகிறது. ஒரு ஜோடி ஒரே பக்கத்தில், ஒவ்வொரு பாதியும் தனி வரியில் இருக்க வேண்டும். அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பது அதைவிட நல்லது. அதை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம்.

இன்னொரு சேதாரம் மொழியில் நடக்கிறது. ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றிவிடுகிறார்கள். கூட்டு ஆராதனைதானே என்பது காரணம். நூறு பேர் சேர்ந்து சொன்னாலும் இந்த ஜெபத்தின் எழுவாய் ஒருமை. ‘நாங்கள்’ என்றதும் ஒவ்வொருவரும் மற்றவரின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. மாற்றாதீர்கள்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஜெபத்துக்கு முன் போதகர் சொல்லும் அழைப்பில், கிறிஸ்துவுக்குச் செய்ய வேண்டிய ஊழியங்கள் பல, சில எளிது, சில கடினம், சில மரியாதை தரும், சில நிந்தை தரும் என்று வரும். அதன் முடிவில், இவை எல்லாவற்றையும் செய்வதற்கான வல்லமை, நம்மைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவில் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற வாக்கியம். நேரமாகிவிட்டது என்று சுருக்கும்போது இதுதான் முதலில் விழுகிறது. இது போனால் மிச்சமிருப்பது மனஉறுதிப் பிரமாணம் மட்டுமே. ஜனவரி முதல் வாரம் வேறு. ஏற்கெனவே எல்லாரும் தீர்மானங்கள் எடுத்த மனநிலையில் வந்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் இந்த ஆராதனையைப் புத்தாண்டுத் தீர்மானத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

படிகளின் வரிசையும் அதே காரணத்துக்காகத்தான். ரோமர் 12:1 ‘அப்படியிருக்க’ என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? அதற்கு முன் பதினோரு அதிகாரங்கள் தேவனுடைய இரக்கத்தைச் சொல்லி முடித்திருக்கின்றன. அந்த ‘இரக்கங்களை முன்னிட்டு’ சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார் பவுல். அதையே ‘புத்தியுள்ள ஆராதனை’ என்கிறார். முறைமையும் அப்படியே போகிறது. துதியும் ஸ்தோத்திரமும் தேவன் செய்ததைச் சொல்கின்றன. பாவ அறிக்கை நம் நிலையைச் சொல்கிறது. அதன் பிறகே ஒப்புக்கொடுத்தல். பிறகு திருவிருந்தில், கொடுத்த கையை நீட்டி வாங்குகிறோம். ஒப்புக்கொடுத்தல் இரண்டு கிருபைகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. திருவிருந்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைக்கும் சபைகள், வாக்குக் கொடுத்தவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புகின்றன.

ஜெபத்துக்குச் சற்று முன் சிறப்புக் காணிக்கை அறிவிப்பு செய்வதும் கூடாது, பின்னும் கூடாது. ‘எல்லாவற்றையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று சொன்னவரிடம் உடனே பை நீட்டினால், இவ்வளவு நேரம் கேட்டது இதற்குத்தான் என்று அவர் நினைப்பார். காணிக்கையை ஸ்தோத்திரப் பகுதியோடு முடித்துவிடலாம்.

‘பாடுபட வையும்’ என்ற வரி கவனமாக விளக்கப்பட வேண்டியது. தேவன் தன் பிள்ளைக்கு வேதனையைத் தேடித் தருகிறவர் என்ற பொருள் அதில் இல்லை. கீழ்ப்படிதலின் வழியில் வேதனை வந்தால் அங்கேயும் நான் உம்முடையவன் என்பதே பொருள். இதை விளக்காமல் விட்டால், வீட்டில் அடியும் அவமானமும் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், அதைத் தேவசித்தமாக ஏற்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, கொடுமை செய்கிறவருக்கு அடங்கிப் போவது வேறு. பிரசங்கத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 1999-இல் பிரிட்டிஷ் மெதடிஸ்த சபை வெளியிட்ட ஆராதனை நூலில் இந்த ஜெபத்துக்கு இன்னொரு வடிவமும் உண்டு. ‘எனக்கு வேலை இருக்கும்போதும் இல்லாதபோதும், கலங்கியிருக்கும்போதும் சமாதானமாயிருக்கும்போதும்’ என்ற போக்கில் வருகிறது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் குறைவு. வேலை இழந்தவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் சட்டென்று பிடிபடும். ஆனாலும் பழைய வடிவத்தின் பக்கமே எங்கள் சாய்வு. ‘ஒதுக்கி வையும்’ என்பதில் உள்ள கூர்மை புதியதில் மழுங்கிவிட்டது. விளக்கிச் சொல்ல நேரம் இல்லாத சபை புதியதை எடுத்துக்கொள்வது நல்லது.

இனி நடத்தும் முறை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முந்தைய ஞாயிறே ஜெபத்தின் அச்சுப் பிரதியைக் கொடுத்துவிடுங்கள், கூடவே வாசிக்க எரேமியா 31:31-34, யோவான் 15:1-8, ரோமர் 12:1-2 என்று குறித்துக் கொடுங்கள். வாரத்தின் நடுவில் ஜெபக்கூட்டம் இருந்தால் அதை ஜெபத்தின் விளக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு பிரசங்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அழைப்புக்கும் ஜெபத்துக்கும் நடுவே மூன்று நிமிட மௌனம் தேவை. மூன்று நிமிடம் என்பது நடத்துகிறவருக்கு மிக நீளமாகத் தெரியும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இசைக்கருவி வேண்டாம். ‘இதை இன்று மனதார சொல்ல முடியாதவர்கள் மௌனமாக நின்று ஜெபித்தால் போதும்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதிதாக வந்தவர்களையும் சிறுபிள்ளைகளையும் பொய்ச்சத்தியத்திலிருந்து காப்பாற்றுகிற வார்த்தை அது.

பின்தொடர்தல்தான் பெரும்பாலும் பூஜ்ஜியம். வெஸ்லியின் நூலில் அதற்கும் வழி இருக்கிறது: இதயத்தில் மட்டுமல்ல வாயாலும், வாயால் மட்டுமல்ல எழுத்திலும் உடன்படிக்கை செய், எழுதியதை தேவனுக்கு முன்பாக விரித்து வை, பிறகு பத்திரமாக வைத்துக்கொள். தாளின் அடியில் பெயரும் தேதியும் இடக் கொஞ்சம் இடம் விட்டு அச்சிட்டால் போதும். அதைப் பயன்படுத்த நல்ல வழி, லேவியராகமம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ‘சர்வாங்க தகனபலி’ என்ற சொல்லிலேயே எல்லா அங்கமும் என்பது அடங்கியிருக்கிறது. ஆனால் மிருகம் முழுதாக அப்படியே பலிபீடத்தில் ஏறுவதில்லை. துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள், குடல்களையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவுகிறார்கள், பிறகே எல்லாவற்றையும் தகனிக்கிறார்கள். ‘என்னை முழுவதும் தருகிறேன்’ என்று மொத்தமாகச் சொல்வது எளிது. துண்டாகப் பிரித்துப் பாருங்கள்: நாக்கு, கைப்பேசி பிடிக்கும் கை, சம்பளம், பிள்ளையின் படிப்பு பற்றிய திட்டம், மன்னிக்காமல் வைத்திருக்கும் ஒரு பெயர். மாதத்துக்கு ஒரு மாலை, அரைமணி நேரம், ஜெபத்தின் ஒரு ஜோடியை மட்டும் எடுத்து, எந்தத் துண்டைப் பலிபீடத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டோம் என்று பார்க்கலாம். திரும்ப எடுத்திருப்போம். அதற்காக முதல் ஒப்புக்கொடுத்தல் பொய்யாகிவிடாது. கெத்செமனேயில் ஆண்டவரே ‘அந்த வார்த்தைகளையே சொல்லி’ மூன்றாந்தரமும் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

ஆலயத்துக்கு வர முடியாதவர்களை இந்த ஆராதனையில் சபைகள் மறந்துவிடுகின்றன. ஜெபத்தின் ஒரு வரி முழுக்க அவர்களுடையது. அதே வாரத்தில் போதகர் திருவிருந்தோடு படுக்கை அருகே போகும்போது முழு முறைமையும் வேண்டாம். எரேமியா 31:33 போதும். பிறகு ‘உமக்காகப் பயன்படுத்தும், உமக்காக ஒதுக்கி வையும்’ என்ற ஜோடியை மட்டும் மெதுவாக வாசித்து, அவர் ஆமென் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பேச்சு வராதவரானால் கையைப் பிடித்துக்கொண்டு, விரல் அழுத்துவதை ஆமென் என்று எடுத்துக்கொண்டு, அப்பத்தைக் கொடுக்கலாம்.