பதினைந்தாவது ஆளைத் தேடிப் போனோம்: ரொறன்ரோ ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பனி ஹொக்கியின் பெரிய வீரர்களுக்கென்று இருக்கிற இந்த அருங்காட்சியகத்துக்குக் காரில் போகாதீர்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, பேரனை ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவில் இருந்து காரில்தான் போனேன். கிட்ட இருந்த ஒரு நிலக்கீழ் தரிப்பிடத்தில் விட்டேன். மூன்றரை மணித்தியாலத்துக்கு அவர்கள் எடுத்த காசில் வீட்டில் எல்லோருக்கும் கொத்து வாங்கியிருக்கலாம். யூனியன் ஸ்ரேசனில் இறங்கினால் நிலக்கீழ்ப் பாதையாலேயே நடந்து வந்துவிடலாம். தை மாதக் குளிரிலும் காதில் காற்றுப் படாது.

இடம், யங் வீதியும் ஃப்ரண்ட் வீதியும் சந்திக்கிற மூலை. 1885இல் மொன்றியல் வங்கிக்கென்று கட்டிய கல் கட்டடத்துக்கு 1993இல் ஹொக்கி குடிவந்தது. ஆனால் வங்கியின் பழைய வாசலால் உள்ளே போக முடியாது. புரூக்ஃபீல்ட் பிளேஸுக்குள் நுழைந்து, கீழ்த்தளத்துக்கு இறங்கி, சாப்பாட்டுக் கடைகளின் பக்கமாகப் போக வேண்டும். ரிக்கெற்றை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள்.

நான் போனது ஒரே ஓர் ஆளுக்காக. பழைய ஹொக்கி வீரர், பெயர் மைக் பொஸ்ஸி.

1986 கடைசியில் மொன்றியலில் வந்து இறங்கினேன். வயது இருபத்தொன்று. ஒரு காலைச்சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. அங்கே சமையற்காரர் ஒரு கியூபெக்காரர். ஊர் முழுவதும் கனேடியன்ஸ் அணிக்காக உயிரை விடும். இந்த மனிதர் மட்டும் நியூயோர்க் ஐலண்டர்ஸ் பக்கம். காரணம், பொஸ்ஸி மொன்றியலில் பிறந்த பெடியன், பக்கத்து லாவால் அணியில் விளையாடி வளர்ந்தவர். ஒம்லெற்றைச் சட்டியில் இருந்து ஒரு சுண்டலில் புரட்டிவிட்டு, என்னைப் பார்த்து "பொஸ்ஸி!" என்பார். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஹொக்கியும் தெரியாது. முட்டை சட்டியில் தங்கக்கூடாது என்கிறார் என்றுதான் நினைத்தேன். அது எவ்வளவு சரியான விளக்கம் என்று விளங்கப் பல வருடம் பிடித்தது.

பேரனுக்குப் பத்து வயது. ஹவுஸ் லீக்கில் விளையாடுகிறான், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் வீரர் ஒஸ்ரன் மத்யூஸின் 34ஆம் இலக்கச் சட்டையைக் கழுவக்கூடத் தரமாட்டான். ஏறியதில் இருந்து கதை தொடங்கிவிட்டது. "அம்மப்பா, மத்யூஸ் ஒரே சீசனில் 69 கோல்." உண்மைதான், 2023-24இல். சரி, பொஸ்ஸியும் 1978-79இல் 69 அடித்தவர்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தக் காலத்தில் கோல் காப்பாளர்கள் சின்ன பேட்தானே போட்டிருந்தவர்கள்" என்றான். அதிலும் உண்மை இருக்கிறது.

உள்ளே போனால் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. முகமூடிகள், ஸ்டிக்குகள், சட்டைகள், மொன்றியல் கனேடியன்ஸின் உடைமாற்றும் அறையை அப்படியே செய்து வைத்த ஒரு மூலை. கிரெட்ஸ்கிக்கு இங்கே குறைவேயில்லை. என்.எச்.எல். என்கிற பெரிய லீக்கில் 894 கோல் அடித்த மனிதர், வேண்டியதுதான். 2025 ஏப்ரல் 6இல் வொஷிங்டன் அணியின் ஒவெச்கின் 895ஆவதை அடித்து அந்தக் கணக்கைத் தாண்டினார். அதுவும் ஐலண்டர்ஸின் சொந்த அரங்கில், அவர்களுடைய காப்பாளரைத் தாண்டி. அன்று தொலைக்காட்சி முன்னால் இருந்து நான் நினைத்தது பொஸ்ஸியைத்தான். 752 ஆட்டத்தில் 573 கோல். நூறு ஆட்டத்துக்கு எழுபத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் கிரெட்ஸ்கியும் இல்லை, ஒவெச்கினும் இல்லை. முதுகு மட்டும் ஒத்துழைத்திருந்தால்... சரி, விடுவோம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் நேரே போக வேண்டிய இடம், அடிக்கிற விளையாட்டு இருக்கிற பகுதி. உண்மையான ஸ்டிக், உண்மையான பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு), எதிரே திரையில் ஆளுயரக் காப்பாளர். இன்னொரு பக்கம் நீங்கள் காப்பாளராக நிற்கலாம், திரையில் இருந்து வீரர்கள் அடிப்பார்கள். வரிசை நீளம்தான், காலையில் திறந்தவுடன் முதலில் இங்கே வந்துவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள்.

பேரன் முதல் மூன்று தரமும் ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தான். மூன்றையும் திரைக்காரர் பிடித்துவிட்டார். நான் குனிந்து சொன்னேன்: "தம்பி, ஓங்காதே. எங்கே அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. பக் ஸ்டிக்கில் பட்டவுடன் போய்விட வேணும். சூட்டுச் சட்டியில் முட்டை." அவனுக்கு முட்டை விளங்கியிருக்காது. ஆனால் அடுத்ததைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினான், இடது மேல் மூலையில் போய் ஏறியது. பின்னால் நின்ற ஒரு சீக்கியத் தகப்பன் கை தட்டினார். நானும் முயன்று பார்த்தேன். அதைப் பற்றி எழுதவேண்டியதில்லை; தோள் இன்னும் நோகிறது.

பொஸ்ஸியின் முழு வித்தையும் அதில்தான் இருந்தது. வலது பக்கம் அவர். நடுவில் பிரையன் ட்ரொட்டியே. அம்பு மாதிரி ஒரு பாஸ் குறுக்கே வரும்போது காப்பாளர் ஒரு கம்பத்தில் இருந்து மற்றக் கம்பத்துக்கு வழுக்கிப் போக வேண்டும். அந்த இடைவெளி கண் சிமிட்டுகிற நேரம்தான் திறந்திருக்கும். மற்றவர்கள் பக்கை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, இடம் தேடுவார்கள். அதற்குள் கதவு பூட்டிவிடும். இவர் நிறுத்தவே மாட்டார். பெரிய உடம்பும் இல்லை, இடிக்கவும் மாட்டார், சண்டைக்கும் போகமாட்டார். கையுறையைக் கழற்றி அடிபடமாட்டேன் என்று 1979இல் வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கால ஹொக்கியில் அப்படிச் சொல்வதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். கண்ணியமான ஆட்டத்துக்குக் கொடுக்கிற லேடி பிங் விருது மூன்று தரம் கிடைத்தது.

இதே காரணத்துக்காகத்தான் 1977 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்கிறபோது, அவரைத் தள்ளிவிட்டார்கள். ஜூனியரில் 309 கோல் அடித்த பெடியன். அடி தாங்கமாட்டான், தடுப்பாட்டம் தெரியாது என்று ஒவ்வோர் அணியாகத் தாண்டிப் போனது. மொன்றியல் தாண்டியது. எங்கள் மேப்பிள் லீஃப்ஸ் பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து இரண்டு தெரிவை வைத்திருந்தும், இரண்டிலும் தாண்டியது! 1967க்குப் பிறகு ஏன் லீக் கிண்ணம் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில். பதினைந்தாவதாக ஐலண்டர்ஸ் எடுத்தது. கோல் அடிக்கத் தெரிந்தவனுக்குத் தடுக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்பது பயிற்சியாளர் அல் ஆர்பரின் கணக்கு. முதல் சீசனிலேயே 53 கோல். அதில் இருந்து தொடர்ந்து ஒன்பது சீசன் ஐம்பதும் அதற்கு மேலும்.

ஐம்பது ஆட்டத்தில் ஐம்பது கோல் என்பது மொரிஸ் றிச்சர்ட் 1944-45இல் செய்தது. அதன்பின் ஒருவராலும் முடியவில்லை. பொஸ்ஸி அதைச் செய்யப்போவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டார். 47 ஆட்டத்தில் 48 அடித்தும் விட்டார். அடுத்த இரண்டு ஆட்டமும் வெறுங்கை. 1981 ஜனவரி 24, ஐம்பதாவது ஆட்டம், கியூபெக் அணிக்கு எதிராக. அன்று பகலில்தான் லொஸ் ஏஞ்சலிஸின் சார்லி சிம்மர் தன் ஐம்பதாவது ஆட்டத்தில் மூன்று அடித்து, 49இல் நின்றுபோனார். இரவில் பொஸ்ஸிக்கு இரண்டு தேவை. மூன்று பகுதியில் இரண்டு முடிந்தும் ஒன்றுமில்லை. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று. மணி முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில், ட்ரொட்டியேயின் பாஸில் மற்றது. இதை நான் மேலே ஏறுகிற படியில் வைத்துச் சொல்லி முடிக்க, பேரன் கேட்டான்: "மத்யூஸ் இப்படிச் செய்தவரா?" நான் வாய் திறக்கவில்லை.

படி ஏறினால் பழைய வங்கி மண்டபம். தலைக்கு மேல் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், 45 அடி உயரத்தில். கீழே சத்தம் போட்ட பிள்ளைகள் எல்லாம் இங்கே வந்ததும் தாமாகவே குரலைக் குறைக்கின்றன. சுவரெங்கும் கண்ணாடித் தகடுகளில் வீரர்களின் முகமும் நாலைந்து வரியும். பொஸ்ஸி சேர்ந்தது 1991இல். தகட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சுற்றவேண்டும். நாலைந்து வரியில் ஒரு மனிதர் அடங்கமாட்டார் என்பது என் எண்ணம். 1982 இறுதிப் போட்டியில் வன்கூவர்காரன் ஒருவன் இடித்ததில், உடம்பு பனிக்கு மேலே கிடையாகப் பறக்கையில் பின்கையால் அடித்த கோலை எந்தத் தகட்டில் எழுதுவது? 1986-87தான் கடைசி சீசன். முதுகு வலியோடு 63 ஆட்டம், 38 கோல். நான் கோப்பை கழுவிய அதே குளிர்காலம். முப்பது வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. 2022 ஏப்ரலில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

மண்டபத்தில்தான் லீக்கை வெல்கிற அணிக்குக் கொடுக்கிற ஸ்ரான்லி கிண்ணம். சில நாட்களில் அது பயணத்தில் இருக்கும், அப்போது பிரதி நிற்கும். எங்களுக்கு அன்று அசலே வாய்த்தது. தொடலாம், கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம். பேரன் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வெல்லாமல் தொட்டால் ஒருநாளும் கிடைக்காதாம். ஹவுஸ் லீக்கில் கடைசிக்கு முதல் இடத்தில் இருக்கிற அணி, ஆனாலும் முன்னெச்சரிக்கை.

கையைக் கட்டியபடியே கிண்ணத்தின் வளையத்தில் பொறித்த வென்றவர்களின் பெயர்களை வாசித்தான். 1980, 81, 82, 83 என்று நாலு வருடத்திலும் பொஸ்ஸி இருக்கிறார். 81க்கு வந்ததும் நின்றான். "அம்மப்பா, இது பிழை." குனிந்து பார்த்தேன். ஐலண்டர்ஸ் என்ற அணிப் பெயரில் 'ஐ'க்குப் பக்கத்தில் வரவேண்டிய 'எஸ்' இல்லை. ஐ, எல், ஏ, என் என்று எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினான். பொறித்தவர் விட்டுவிட்டார், அது அப்படியே கிடக்கிறது.

"வாயில் வராத எழுத்துத்தானே" என்றேன். "தமிழில் நாங்களும் அப்படித்தான் எழுதுவோம்."