அடுக்குவதா, தைப்பதா, நெய்வதா?

கார்பன் இழையைத் தாள் தாளாக அடுக்கி எப்பாக்ஸி பிசினில் இறுக்கினால், எடைக்கு எடை எஃகை மிஞ்சும் பலம் கிடைக்கும். ஆனால் அது இழை ஓடும் திசையில்தான். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ள இருப்பது பிசின் மட்டுமே. ஓங்கி ஓர் அடி விழுந்தால் முதலில் பிரிவது அங்கேதான். 1970இல் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்பி211 என்ற விமான எஞ்சினின் முன்பக்க விசிறிக்குச் செய்த கார்பன் பிளேடுகள் பறவை மோதல் சோதனையில் தாக்குப்பிடிக்கவில்லை, டைட்டானியத்துக்கே திரும்பினார்கள்.

அதற்காக அடுக்குமுறையை ஒதுக்கிவிட முடியாது. 1995இல் சேவைக்கு வந்த ஜிஇ90 விமான எஞ்சினின் விசிறி பிளேடுகள் அடுக்கிச் செய்தவைதான். எளிதில் விரிசல் ஓடாத பிசினும் முன்விளிம்பில் டைட்டானியக் கவசமும் அவற்றைக் காப்பாற்றின.

தையல் நடுவழி. உலர்ந்த துணிகளை அடுக்கி, குறுக்கே தைத்து, பிறகு பிசின் ஏற்றலாம். இருக்கிற துணியே போதும் என்பது லாபம்; ஊசி இறங்கும் இடத்தில் இழை அறுவதும் ஒதுங்குவதும் நஷ்டம்.

எனக்குப் பிடித்தது நெசவு. 2016இல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினின் விசிறி பிளேடை, பாவு நூல்களைத் தனித்தனியே தூக்கக்கூடிய ஜக்கார்டு தறியில் நெய்கிறார்கள். இப்படி நெய்த துண்டின் வெட்டுமுனையை லென்ஸில் பாருங்கள்: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தன் அடுக்கோடு நிற்காமல், கீழே இறங்கி அடுத்த அடுக்கின் ஊடையை, அதாவது குறுக்கு நூலைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். விரிசல் ஓட நேர்வழியே இல்லை. பிளேடின் அடி தடிமன், நுனி மெல்லிசு. அதற்கேற்பத் தடிமனைத் தறியிலேயே குறைத்துக்கொண்டு போகலாம். அப்புறம் நீர்ப்பீச்சால் வெட்டி, அச்சில் வைத்து, பிசினை அழுத்தத்தில் செலுத்துவார்கள். லீப்புக்கு முந்தைய சிஎஃப்எம்56-7பி எஞ்சினின் விசிறியில் 24 டைட்டானிய பிளேடுகள். லீப்பில் 18 போதும்.

விலை என்ன? வளைந்து ஓடும் நூல் நேர் நூலளவுக்கு விறைப்பு தராது. கார்பன் இழை நொறுங்கும் குணமுள்ளது. பாவு நூலைத் தூக்கும் விழுதிலும், நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற தறி அச்சிலும் உரசி பிசிறு கிளம்பும், அந்தத் தூசி மின்சாரம் கடத்துவதால் தறியின் மோட்டாருக்கும் ஆபத்து. ஆயிரக்கணக்கான பாவு நூல்களைக் கோப்பதும் சின்ன வேலையில்லை.

அதனால் அகலமாய், மெல்லிசாய் இருக்கும் விமான இறக்கையின் வெளித்தோலுக்கு அடுக்குமுறையே சரி. அடிபடும் தடித்த பாகத்துக்கு நெசவு. வளையமாக இருந்தால் பின்னல்: ஜிஇஎன்எக்ஸ் விமான எஞ்சினின் விசிறியைச் சுற்றியுள்ள உறை பின்னிய கார்பன் துணியால் ஆனது.