ஃபெரட் வளர்ப்பவர்களே, “எல்லாம் அடங்கிய செட்” வாங்கும் முன் இதைப் படியுங்கள்

“ஃபெரட் வளர்க்கத் தேவையான எல்லாம் ஒரே பெட்டியில்” என்று இணையத்தில் விற்கிறார்களே, அந்த செட்டை நாங்கள் 240 பவுண்டு கொடுத்து வாங்கினோம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தவிர அதில் வந்த எல்லாமே ஃபெரட் என்ற இந்தச் சின்ன மாமிச உண்ணிக்கு ஆகாத பொருள். அதில் ஒன்று எங்கள் பெண் ஃபெரட் பட்டுவை ஆபரேஷன் வரை கொண்டுபோய்விட்டது. பணத் தகராறு இன்னும் வங்கியில் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. அதே படங்களோடு அதே பெட்டியை வேறு இரண்டு கடைப் பெயர்களிலும் பார்த்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது ஷெஃபீல்டில். வடக்கு இங்கிலாந்தில் ஃபெரட் புதிய பிராணி அல்ல. முயல் பிடிப்பதற்காகச் சுரங்கத் தொழிலாளர்கள் வளர்த்தது. பார்ப்பதற்குக் கீரி மாதிரி நீள உடம்பு, குட்டைக் கால், எதையும் நோண்டிப் பார்க்கும் குணம். ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். மீதி நேரம் வீட்டைத் தலைகீழாக்கும். காப்பகம் ஒன்றிலிருந்து பட்டு, சோமு என்று இரண்டைத் தத்தெடுத்தோம். அவர்கள் வருவதற்குள் வீடு தயாராக இருக்க வேண்டும் என்பதால்தான் அந்த செட்டை வாங்கினோம். வாங்கும் முன் கடையின் அரட்டைப் பெட்டியில் கேட்டேன்: கம்பி இடைவெளி எவ்வளவு, தரை கம்பியா தட்டையா, உணவில் இறைச்சி எவ்வளவு? “2.5 சென்டிமீட்டர், தட்டைத் தரை, முழுக்க இறைச்சி” என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்திருந்தேன். பிறகு எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

வந்த கூண்டு முயல் கூண்டு. கம்பிகளுக்கு நடுவே 4 சென்டிமீட்டர் இடைவெளி. ஃபெரட்டின் தலை எங்கே நுழைகிறதோ அங்கே உடம்பும் நுழைந்துவிடும். அதிலும் பெண் ஃபெரட் ஒரு கிலோவுக்கும் குறைவான எடைதான். முதல் இரவே பட்டு வெளியே வந்து, சமையலறை அலமாரிக்கு அடியில் பலகைச் சந்தில் புகுந்துவிட்டாள். வாஷிங் மெஷினைப் போடும் முன் கண்ணில் பட்டாளே என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. தரை முழுக்கக் கம்பி வலை. அதிலேயே நின்று நடந்தால் பாதம் புண்ணாகும், நகம் மாட்டிக்கொண்டு பிய்ந்தும் போகும்.

உணவுப் பையைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் ஏமாற்று அப்பட்டமாகத் தெரிந்தது. முன்பக்கத்தில் ஃபெரட் படம் போட்ட பளபளப்பான ஸ்டிக்கர். அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. உரித்துப் பார்த்தால், உள்ளே அச்சிட்டிருப்பது முயலும் கினிப் பன்றியும். பின்பக்கப் பொருள் பட்டியல் தானியங்களில் தொடங்கியது. அடுத்து காய்ந்த புல், அடுத்து பட்டாணி. புரதம் 16 சதவீதம், நார்ச்சத்து 14 சதவீதம். இந்த நாட்டில் செல்லப்பிராணி உணவின் பொருள் பட்டியலை எடை வரிசையில்தான் போடுவார்கள். முதலில் எழுதியிருப்பதுதான் பையில் அதிகம் இருப்பது.

ஃபெரட் முழுக்க முழுக்க மாமிச உண்ணி. அதற்குக் குடல் மிகவும் குட்டை, நார்ச்சத்தைச் செரிக்க உதவும் பெருங்குடல் பை கிடையாது. சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உடம்பு எடுத்துக்கொள்ளக் கூடியது இறைச்சிப் புரதமும் கொழுப்பும்தான். புரதம் குறைந்தது 30 சதவீதம், கொழுப்பு 15 முதல் 20, நார்ச்சத்து 3 சதவீதத்துக்குள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. தானியமும் புல்லும் கொடுத்தால் வயிறு நிறைந்தது போல இருக்கும், உடம்பு வற்றிப்போகும். செட்டோடு உலர்திராட்சையும் தயிர் மிட்டாயும் “பரிசாக” வேறு வந்தன. நடுவயது ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி வருவது சகஜம், இனிப்பும் மாவுச்சத்தும் அதற்குத் துணைபோகின்றன என்று பல மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். பரிசு கொடுக்க வேண்டுமென்றால் வேகவைத்த கோழித்துண்டு போதும். காப்பகத்தில் அவர்கள் சாப்பிட்டுப் பழகிய உணவில் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார்கள். குட்டியாக இருந்தபோது பழகிய உணவைத்தான் ஃபெரட் உணவென்றே ஏற்கும், திடீரென்று மாற்றினால் பட்டினி கிடக்கும். அந்தப் பை இல்லாவிட்டால் முதல் வாரம் திண்டாடியிருப்போம்.

மரச்சீவல் மூட்டையைத் திறந்ததுமே வீடு முழுக்க தேவதாரு வாசம். மனிதனுக்கு இதமாக இருக்கும் அந்த எண்ணெய்தான் சின்னப் பிராணிகளின் நுரையீரலை அரிக்கும். சோமு தும்ம ஆரம்பித்ததும் மொத்தத்தையும் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கட்டியாகும் பூனை மணலும் வேண்டாம். மூக்கிலும் வாயிலும் போனால் உள்ளே போய் இறுகும். கழிவுக் காகிதத்தில் செய்த உருண்டைகள்தான் சரி.

வாசனை ஷாம்பூவும், தண்ணீரில் கலக்கும் “நாற்றம் போக்கி” சொட்டும் சுத்த ஏமாற்று. ஃபெரட்டின் மணம் தோலில் சுரக்கும் எண்ணெயிலிருந்து வருவது. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு, அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை துவைப்பதுதான் உண்மையில் நாற்றத்தைக் குறைக்கிறது.

இனி அந்த ரப்பர் பொம்மை. அட்டையில் “ஃபெரட்டுக்குப் பாதுகாப்பானது, கடித்தாலும் பிய்யாது” என்று அச்சிட்டிருந்தது. அழுத்தினால் கீச்சிடும் மெல்லிய ரப்பர் எலி. இளம் ஃபெரட்டுகளுக்கு ரப்பர் என்றால் அப்படி ஒரு மோகம். அழிப்பான், செருப்பின் அடி, ரிமோட் பொத்தான் எதையும் விடாது. கடித்துத் துப்பாது, விழுங்கிவிடும். குடலோ குறுகலானது. ஒரு நாள் பட்டு சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பல்லை நறநறவென்று கடித்தாள், முன்காலால் வாயைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மலம் கயிறு போல மெலிந்து, பிறகு நின்றேபோனது. குமட்டலுக்கும் குடல் அடைப்புக்கும் அடையாளம் இதெல்லாம். குடல் அடைத்தால் ஃபெரட் வாந்தி எடுத்தே தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பட்டு ஒருமுறைகூட எடுக்கவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஃபெரட் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாய், பூனை அல்லாத பிராணிகளையும் பார்க்கும் மருத்துவரிடம் நகரத்தின் மறுகோடிக்கு ஓடினோம். உங்கள் மருத்துவர் ஃபெரட் பார்ப்பாரா என்று இன்றே போன் போட்டுக் கேட்டு வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் நாய்க்குச் செய்வது போல இரவு முழுக்கப் பட்டினி போடவில்லை. சீக்கிரம் செரித்துவிடும் உடம்பு என்பதால் நீண்ட பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடுமாம், சில மணி நேரம் போதும் என்றார் மருத்துவர். குடலிலிருந்து எடுத்தது அந்த எலியின் காது. பட்டு பிழைத்துக்கொண்டாள்.

கடைக்காரர்களிடம் படங்களோடு எழுதினேன். “பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார்கள். இன்னொருமுறை எழுதியதும் “20 பவுண்டு தள்ளுபடி கூப்பன் தருகிறோம்” என்றார்கள். அதற்கப்புறம் பதிலே இல்லை. பிரிட்டனில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இந்தப் பேச்சுக்கு மடங்கிப்போகாதீர்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். குறையே இல்லாவிட்டாலும், இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் கைக்கு வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உண்டு. ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கடைக்காரரோடு சேர்த்து வங்கியையும் பொறுப்பாக்குகிறது. இடையில் வேறு கட்டணச் செயலி புகுந்தால் இந்த உரிமை அறுந்துபோகலாம், அதனால் கார்டை நேரடியாகப் பயன்படுத்துங்கள். டெபிட் கார்டு என்றால் பணத்தைத் திரும்ப இழுத்துத் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். வங்கி மறுத்தால் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் செலவில்லாமல் முறையிடலாம். செட்டின் விலை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மருத்துவச் செலவும் அந்த ஒப்பந்த மீறலால் வந்த நஷ்டம்தான் என்று தனியாக எழுதியிருக்கிறேன், அதன் முடிவுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம். மொத்தச் செலவு அந்த செட்டைவிட ரொம்ப அதிகமில்லை. தட்டைத் தளங்கள் உள்ள பல மாடிக் கூண்டு, கம்பி இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் பணம் கொடுத்தோம். கவிழ்க்க முடியாத கனமான பீங்கான் கிண்ணம். மூலையில்தான் பின்பக்கமாக நகர்ந்துபோய் மலம் கழிக்கும் என்பதால் பின்சுவர் உயர்ந்த மூலைத்தட்டு. பழைய வேட்டியை மடித்து ஓரம் அடித்த தூளி, நூல் பிரிந்தால் நகம் மாட்டும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். விளையாட்டுக்குப் பெரிய பிளாஸ்டிக் குழாயும் கெட்டியான துணிப் பொம்மையும். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் கழுத்துப்பட்டை கழன்றுவிடும், மார்பையும் சுற்றும் பட்டைதான் நிற்கும். வெயில் 27 டிகிரியைத் தாண்டினால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைக்கிறேன். வியர்க்காத பிராணி, சீக்கிரம் சுருண்டுவிடும். வீட்டில் முகக்கவசமும் வைத்திருக்கிறோம். மனிதருக்கு வரும் ஃபுளூ ஃபெரட்டுக்கு அப்படியே தொற்றும். 1933-இல் லண்டனில் மனித ஃபுளூ கிருமியைக் கண்டுபிடித்ததே ஃபெரட்டுகளுக்குத் தொற்ற வைத்துத்தான்.

இந்தப் பெட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், ரப்பர் பொம்மையையும் மரச்சீவலையும் இன்றிரவே கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கூண்டை மாற்றும் வரை கம்பிகளுக்கு மேல் நெருக்கமான வலையைக் கட்டுங்கள். உணவுப் பையை மட்டும் தூக்கி எறியாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டியபடி ஒரு படம், உரித்த பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள். வங்கி எங்களிடம் முதலில் கேட்டது அந்த இரண்டு படங்களையும் கடைக்காரரின் பதிலையும்தான்.