சிவப்பு விளக்கா, நீல விளக்கா, பகல் வெளிச்சமா?

வெளுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல வருட வெயில் பட்டு நெற்றியிலும் வழுக்கையிலும் வரும் சொரசொரப்பான செந்திட்டுதான் ஆக்டினிக் கெரட்டோசிஸ். இது புற்றுநோய் இல்லை. ஆனால் எந்தத் திட்டு பின்னால் புற்றாக மாறும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர்களுக்கு இது அன்றாட வேலை. நம்மவர்களில் அல்பினிசம் (பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத நிலை) உள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

இந்தத் திட்டை மருந்தும் ஒளியும் சேர்த்து அழிப்பதுதான் ஒளிச் சிகிச்சை. சிவப்பு விளக்கு, நீல விளக்கு, பகல் வெளிச்சம் என்ற மூன்று வழிக்கும் அடிப்படை ஒன்றே. ஏஎல்ஏ (அமினோலெவுலினிக் அமிலம்) அல்லது எம்ஏஎல் (மெத்தில் அமினோலெவுலினேட்) மருந்தைப் பூசினால் கெட்ட செல்களுக்குள் புரோட்டோபார்ஃபிரின் என்ற ஒளியை உறிஞ்சும் பொருள் சேரும். வெளிச்சம் பட்டால் அதுவே செல்லைக் கொல்லும். அது மிக அதிகமாக உறிஞ்சுவது 410 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள நீலத்தை. 635 அருகே உள்ள சிவப்பை உறிஞ்சுவது குறைவு, ஆனால் சிவப்புதான் தோலுக்குள் ஆழமாகப் போகும். அதனால் நீல விளக்கு மெல்லிய திட்டுக்கு மட்டும்.

சிவப்பு விளக்கு முறையில் முதலில் செதிலைச் சுரண்ட வேண்டும். எம்ஏஎல் களிம்பை 1 மி.மீ. தடிமனில், சுற்றிலும் 5 மி.மீ. தள்ளிப் பூசி, ஒளி புகாமல் மூடி 3 மணி நேரம் விட வேண்டும். பிறகு துடைத்துவிட்டுச் சதுர செ.மீ.க்கு 37 ஜூல் ஒளி. தொல்லை வலிதான்: 3 மணி நேரம் சேர்ந்தது சில நிமிடங்களில் எரிகிறது. மரப்புக் களிம்பு பெரிதாக உதவாது. குளிர்காற்று, நடுவே சிறு இடைவெளி, நெற்றிக்கு நரம்பு மரப்பு ஊசி ஆகியவை உதவும்.

பகல் வெளிச்சத்தில் அந்த வலி கிட்டத்தட்ட இல்லை. புரோட்டோபார்ஃபிரின் உருவாக உருவாகவே செலவாகிவிடுகிறது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய 15 நிமிடம். பிறகு சுரண்டி, களிம்பை மெல்லிதாகப் பூசி, மூடாமல் 30 நிமிடத்துக்குள் வெளியே போய்விட வேண்டும். அங்கே தொடர்ந்து 2 மணி நேரம். சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ இருந்தால் வேலை செய்ய வேண்டிய ஒளியையும் அது தடுத்துவிடும். ரசாயன வடிகட்டி உள்ளதே வேண்டும். தாமதமாக வெளியே போனால் புரோட்டோபார்ஃபிரின் சேர்ந்துபோய் வலி திரும்பிவிடும். மழையிலும் 10 டிகிரிக்குக் கீழான குளிரிலும் வேண்டாம்.

ஆக, மெல்லிய திட்டுகள் முகம் முழுக்கப் பரவியிருந்தால் பகல் வெளிச்சம்; சற்றே தடித்தது, அல்லது குளிர்காலம் என்றால் சிவப்பு. மிகத் தடித்ததற்கு மூன்றையும் நம்ப வேண்டாம். கெட்டியாகி, தொட்டால் வலித்து, ரத்தம் கசிந்தால் முதலில் பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது). போர்ஃபிரியா (உடலில் போர்ஃபிரின் தேங்கும் நோய்) உள்ளவருக்கு இந்தச் சிகிச்சையே கூடாது.

விளக்கு விற்பவர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. நெதர்லாந்தில் 624 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 12 மாதம் கழித்து ஒளி தேவைப்படாத 5-ஃப்ளூரோயுராசில் களிம்பு 74.7% பேருக்குப் பலன் தந்தது. சிவப்பு விளக்கு முறை 37.7% பேருக்குத்தான். ஃப்ளூரோயுராசில் களிம்பை 4 வாரம் தினம் இருவேளை பூச வேண்டும், முகம் சிவந்து பொருக்குத் தட்டும். பாதியில் விட்டுவிடக்கூடியவருக்கு ஒரே நாளில் முடியும் ஒளிச் சிகிச்சையைத் தருவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் களிம்பைத்தான் முதலில் எழுத வேண்டும்.