நண்டு கம்பெனிக் கணக்குக்கு கூகுள் டிரைவா, ஒன்டிரைவா?

மண்டபம், பாம்பன் பக்கம் நண்டு, கணவாய் வாங்கி அனுப்புகிற சின்னக் கம்பெனி என்றால், கரையில் எடை போடுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன். அதில் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கும், கூகுள் ஷீட்டில் திருத்த அனுமதி கொடுத்து அதன் லிங்க்கை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும், அவர் கரையில் நின்று கிலோவைப் பதியப் பதிய ஆபீசில் இருப்பவர் பக்கத்துக் கட்டத்தில் விலையைப் போட்டுக்கொண்டே போகலாம், 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று ஃபைல் குட்டி போடாது.

மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் அப்படி முடியாது என்பது பழைய கதை, அதில் வைத்த எக்செல் ஃபைலையும் பலர் சேர்ந்து திருத்தலாம். ஆடிட்டர் தரும் மேக்ரோ ஃபைல் (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைகள் எழுதிய எக்செல் ஃபைல்) கூகுள் ஷீட்டில் ஓடாது, அங்கே எக்செல்தான். இன்னொன்று, கணினியில் சிங்க் ஆகி இறங்கிய ஃபைல் நெட் போனாலும் திறக்கும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் இதன் அருமை தெரியும். கூகுளிலும் ஆஃப்லைன் உண்டு, ஆனால் முன்கூட்டியே ஆன் செய்து வைக்க வேண்டும்.

இலவச இடம் கூகுளில் 15 ஜிபி (ஜிமெயில், போட்டோ எல்லாம் சேர்த்து), ஒன்டிரைவில் 5.

சரி, யாரும் கேட்காத கேள்வி: ஃபைல் யாருடையது? சூபர்வைசரின் சொந்த ஜிமெயிலில் உருவாக்கினால் அவர் வேலையை விட்டாலும் அது அவருடையதே. காசு கட்டி கம்பெனி பேரில் கூகுளின் ஷேர்டு டிரைவோ மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட்டோ எடுத்தால்தான் கம்பெனியிடம் நிற்கும். நானாக இருந்தால் கரைக் கணக்குக்குக் கூகுள், ஆடிட்டர் வேலைக்கு எக்செல். மாற்றுவதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.