வைஃபை கைகர் கவுன்ட்டர்: குழாய் தேறுகிறது, பெட்டி தேறவில்லை

கதிர்வீச்சு அளவைப் பொது வரைபடத்துக்கு அனுப்பும் வைஃபை கைகர் கவுன்ட்டர் ஒன்றை வீட்டுக்கு வெளியே நிழலில் மாட்டியிருக்கிறேன். உள்ளே கதிர்வீச்சை உணர்ந்து துடிப்புகளாக எண்ணித் தரும் ஜே305 ரகக் குழாய். அளப்பதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அணு உலை விபத்து நேரத்தில் முன்னெச்சரிக்கை தருவதற்கென்று விற்கிறார்களே, அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

சாதாரண நாளில் நிமிடத்துக்கு 25 துடிப்பு வாக்கில் வரும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் ஐந்து கூடுவதும் குறைவதும் தற்செயல்தான். ஒரு நிமிடக் கணக்கை நம்பினால் வீண் பயம். பத்து நிமிடச் சராசரிக்கு மாற்றினால் ஏற்ற இறக்கம் 20 சதவீதத்திலிருந்து ஆறு சதவீதம் அளவுக்கு அடங்கிவிடும். அமைப்புகளில் தேடினால் அந்த வசதி இருக்கிறது.

அப்புறம் மழை. காற்றில் இயற்கையாகவே இருக்கும் கதிரியக்க வாயுவான ரேடான் சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 என்ற கதிரியக்கப் பொருள்கள் இரண்டும் மழையோடு தரைக்கு வரும்போது அளவு சட்டென்று ஏறும். இவற்றின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், அரை மணி நேரத்துக்கும் குறைவு, அதனால் மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இறங்காமல் நின்றால்தான் விசாரிக்க வேண்டும். மழை விவரத்தையும் சேர்த்துக் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும். இந்தக் கருவியின் செயலியில் அதற்கு இடமே இல்லை.

பெரிய குறை மின்சாரம். கரண்ட் போன அன்று கருவியும் அதோடு அணைந்தது. உள்ளே பேட்டரி இல்லை, நினைவகமும் இல்லை. கரண்ட் வந்த பிறகும் இடைப்பட்ட நேரத்துப் பதிவு கிடைக்கவில்லை. 2011 மார்ச்சில் ஜப்பானில் அணு உலை விபத்து நடந்தபோது ஃபுகுஷிமா மாகாணத்தின் 24 நிலையான கதிர்வீச்சுக் கண்காணிப்பு நிலையங்களில் 23 நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் செயலிழந்தன. கதிரியக்கம் எந்தத் திசையில் எவ்வளவு பரவுகிறது என்று தெரிய வேண்டிய நேரத்தில் எண்கள் வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் சுவர் பிளக்கை மட்டும் நம்பி ஒரு எச்சரிக்கைக் கருவியைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சூரியத் தகடு, பேட்டரி, மெமரி கார்டு, வைஃபை போனால் சிம் கார்டு வழியாக அனுப்பும் வசதி, இவை வேண்டும்.

விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கதிர்வீச்சு மிக அதிகமானால் குழாய் திணறி, அளவைக் குறைத்துக் காட்டலாம். அந்த உச்ச வரம்பு எவ்வளவு? என் கருவியோடு வந்த கையேட்டில் அது இல்லை.